சாலாதா மேட்டின் பதினொரு குழிகள்

காசில்தா ரோந்தோனின் சட்டைப் பைகளில் எப்போதும் இரண்டு கருவிகள் கிடக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் ஒவ்வொரு எண்ணாக ஏறும் சின்னக் கருவிகள். வலது கையில் இருப்பது, கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிற பறவைக்கு. இடது கையில் இருப்பது, பாதிக் கடலில் பயந்துபோய்த் திரும்பி வருகிற பறவைக்கு. மாலையில் வலதிலிருந்து இடதைக் கழித்து நோட்டில் எழுதுவாள். ஒற்றைக் கருவியோடு வரும் ஆட்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். "கிளம்பினதை மட்டும் எண்ணுறவன் தேர்தல்ல நிக்கலாம், மேட்டுல நிக்கக் கூடாது" என்பாள்.

படித்து வாங்கிய பட்டம் எதுவும் அவளிடம் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு எதிர்க்கரையில், தரீஃபா ஊரில், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். வெந்த கானாங்கெளுத்தியை விரலாலேயே தோலுரித்து, முள் எடுத்து, துண்டு உடையாமல் அடுக்க வேண்டும். இயந்திர இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி அவள் குரல் தடித்துவிட்டது. பங்குச்சாமியின் காதில் பாவசங்கீர்த்தனம் சொன்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் என்று ஊரில் கேலி உண்டு. அவளும் அதை மறுத்ததில்லை.

அந்த ஊரில் காற்று இரண்டே வகை. மேலைக் காற்று வந்தால் வானம் தெளியும், துணி காயும், மாடு மேயும். கீழைக் காற்று வந்தால் நாற்காலி தெருவில் ஓடும், கணவன் மனைவிக்குள் சண்டை மூளும், பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்காது. ஐந்து நாள் கீழைக் காற்று அடித்த பிறகு ஒருவன் கிறுக்குத்தனம் செய்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பறவைகளுக்கும் அப்படித்தான். மேலைக் காற்றில் அவை வெகு உயரத்தில் கிழக்கே ஒதுங்கிப் போய்விடும். சாலாதா மேட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு காக்கை கண்ணில் படாது. கீழைக் காற்று எழும்பியதோ, அத்தனையும் மேற்கே தள்ளப்பட்டு இந்த மேட்டுக்கு வந்து சேரும். கரும்பருந்து, தேன்பருந்து, பாம்புக் கழுகு, செங்கால் நாரை. இறக்கையை அடித்து அடித்து, புல்லை உரசுகிற மாதிரி தாழ்வாகப் போகும். கண்ணின் நிறம் தெரியும். ஊரில் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காசில்தாவுக்கு அது ஒன்பது வயதில் தெரியும். அவள் அப்பா கோஸ்மே ரோந்தோன் அந்த மேட்டில் சுட்டவர். அப்போது பருந்தும் கழுகும் தீங்கு செய்யும் பிராணிகள். அலகையும் காலையும் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசாங்கமே காசு கொடுத்தது. மிச்ச உடம்பு வீட்டுக்கு. ஆப்பிரிக்காவுக்குப் போகும் தேன்பருந்து வழிச்சாப்பாட்டைக் கொழுப்பாகக் கட்டிக்கொண்டு போவது. அம்மா அதைப் பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு அரிசியோடு வேக வைப்பாள். காசில்தா தட்டை வழித்துத் தின்பாள். அப்பாவுக்குத் தூரப்பார்வை மட்டு. மகளுக்குக் கழுகுக் கண். இது வெறும் பேச்சில்லை, அப்பாவே சொன்னது. சுடுவதற்காகத் தோண்டிய குழிக்குள் அவர் காலருகே குந்தியபடி, "தேன்பருந்து ரெண்டு, இடது பக்கம், முன்னால பொட்டை" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் சுடுவார். அவள் சொன்னால் தப்பாது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்குக் கர்வமே இருந்தது.

மேட்டின் முதுகில் அப்படிப் பதினொரு குழிகள். காற்றுக்கு முதுகு காட்டி, இடுப்பளவு தோண்டி, கிழக்கே கல் அடுக்கியவை. குடும்பத்துக்கு ஒன்று. அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அடுத்தவன் குழியில் உட்கார்ந்தால் கைகலப்பு. பிறகு ஒருநாள் சட்டம் மாறியது. காசு கொடுத்த அதே அரசாங்கம், சுட்டால் சிறை என்றது. ஒரே வருடத்தில் ஊருக்கு மறதி வந்துவிட்டது. குழிகளில் முட்செடி முளைத்தது. எந்தக் குழி யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது. கோஸ்மே ரோந்தோன், திருவிழாவில் மாதாவின் பல்லக்கை முப்பது வருடம் தோளில் சுமந்த புண்ணியவானாகச் செத்தார். அவர் படம் கோயில் சபை மண்டபத்தில் மாலையோடு தொங்குகிறது.

துப்பாக்கி போனது, கண் போகவில்லை. ஆலை விடுமுறை நாளெல்லாம் காசில்தா மேட்டுக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் பார்த்தாள். பார்த்ததை எண்ணினாள். எண்ணியதை எழுதினாள். மனம் மாறிக் கண்ணீர் விட்ட கதையெல்லாம் அவளிடம் கிடையாது. கேட்டால், "நல்லாத் தெரிஞ்ச வேலையை எதுக்கு விடணும்?" என்பாள், அவ்வளவுதான்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதான வருடம், அந்த மேட்டுக்கு ஆபத்து வந்தது. மேடு ஏவாரிஸ்தோ காசாயாவின் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. ஏவாரிஸ்தோ அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது செம்மாடுகள் முந்நூறு வைத்திருப்பவன். ஒரு காற்றாலை நிறுவனம் அவனிடம் மேட்டைக் குத்தகைக்குக் கேட்டது. முதுகெலும்பு நெடுக இருபத்திரண்டு காற்றாலைகள். பறவைகள் அந்தப் பக்கம் வருவதில்லை என்று அறிக்கையும் தயார்.

செய்தியை அவள் மதுக்கடையில்தான் கேட்டாள். ஏவாரிஸ்தோ கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டான்.

"என்னடி காசில்தா, இன்னைக்கு எத்தனை குருவி எண்ணுன?"

"குருவி எண்ணலடா. உன் தலையில மிச்சமிருக்கிற முடியை எண்ணினேன். சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

கடை சிரித்தது. ஏவாரிஸ்தோவும் சிரித்துவிட்டு அறிக்கையை மேசைமேல் போட்டான். "சிரிச்சுக்கோ. இனிமே நீ மேட்டுல காத்தாடியத்தான் எண்ணணும். புல்லு மூணு வருஷமாக் காஞ்சு கிடக்கு. இந்த மண்ணு எனக்குக் காத்தைத் தவிர என்னத்தக் குடுத்துச்சு? அதையாவது வித்துக்கிறேன்."

அவன் சொன்னதில் பொய்யில்லை, அது அவளுக்கும் தெரியும். "காத்தாடி நடு, வேணாங்கல. கீழ சமவெளியில நூறு நடு. இந்த மேட்டுல நட்டா கீழக்காத்துல அம்புட்டும் வெட்டுப்பட்டு விழும்டா."

"விழுறதுக்கு வந்தாத்தானே? வரலைன்னு படிச்சவன் எழுதியிருக்கான்."

படித்தவன் பக்கத்து மேசையிலேயே இருந்தான். கொன்சாலோ என்ற இளைஞன், வெளியூர், நல்ல பையன். காசில்தா அறிக்கையைப் புரட்டினாள். ஆறு நாள் உட்கார்ந்து பார்த்ததாக ஆறு தேதிகள் போட்டிருந்தது. தன் நோட்டை எடுத்து விரல் வைத்து ஒப்பிட்டாள். ஆறும் மேலைக் காற்று நாள்.

"தம்பி, கீழக்காத்து அடிச்ச நாள்ல எங்க இருந்தீங்க?"

அவன் வெட்கப்பட்டான். "அன்னைக்கெல்லாம் தொலைநோக்கி ஸ்டாண்டே நிக்கலீங்க. கார் கதவைத் திறந்தேன், பின்னால மடங்கிருச்சு. 'வானிலை சரியில்லை'ன்னு எழுதிட்டு இங்க வந்து உக்காந்துட்டோம்."

"மழை நாள்ல குடைக்கடையைப் பூட்டிட்டு, குடை விக்கலைன்னு எழுதியிருக்கீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சமையல்காரி எட்டிப் பார்த்தாள்.

கோபம் வந்தால் அவள் சோர மாட்டாள், கடிதம் எழுதுவாள். எழுதினாள். மாகாணத் தலைநகர் காதிஸிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து ஊர்மன்றத்தில் விசாரிப்பார் என்று பதில் வந்தது.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி நிகாசியோ வந்தான். அப்பாவுக்குப் பிறகு பல்லக்குச் சுமப்பவர்களுக்குத் தலைவன் அவன்தான். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

"அக்கா, நோட்டைக் காட்டு, போதும். குழியப் பத்தி மட்டும் வாயத் திறக்காத."

"நோட்டை எவன் நம்புவான்? மீன் உரிக்கிறவ எழுதுனதுன்னு ஓரமா வைப்பான்."

"வெச்சா வெக்கட்டும். அப்பா படம் மண்டபத்துல தொங்குதுக்கா. அவரைக் கொலைகாரன்னு ஊர் சொல்லணுமா? பெத்தவர் பேரைத் தெருவுல இழுத்துத்தான் பருந்தைக் காப்பாத்தணுமா?"

அவன் கேட்டது நியாயம்தான். அப்பாவை அவளுக்கு உயிர். வயதான காலத்தில் கண் முழுக்க மங்கிய பிறகும், காற்று மாறினால் வாசலுக்கு வந்து நின்று, "என்னம்மா போகுது?" என்று கேட்பார். அவள் சொல்லுவாள். அவர் தலையாட்டுவார். அந்த மனுஷனை எப்படிச் சந்தியில் நிறுத்துவது? அன்று உரித்த அவரையில் பாதி தோலோடு சட்டிக்குள் போனது.

ஊர்மன்றம் நிரம்பியிருந்தது. அதிகாரி ஊர்சுலா பென்ஹுமேயா, சின்ன உருவம், பொறுமைசாலி. அறிக்கையைப் படித்தார். காசில்தாவின் நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவை இருபத்தாறு.

"அம்மா, நான் உங்களை நம்புறேன். ஆனா இது ஒருத்தர் எழுதினது. வேற யாராவது, சுயேச்சையா, இந்த மேட்டுல பறவை போறதைக் கவனிச்சதுக்கு ஆதாரம் இருக்கா?"

காசில்தா தம்பியைத் தேடினாள். முதல் வரிசையில் நிகாசியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று நுணல் ஏவாரிஸ்தோ.

"மேடம், இந்தப் பொம்பளைக்குப் பறவை மேல பாசம் எப்ப வந்துச்சுன்னு கேளுங்க!" என்று எழுந்தான். "ஏண்டி, சின்ன வயசுல உங்க வீட்டுச் சட்டியில வெந்ததெல்லாம் கோழியா?"

மன்றம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றது. சிரித்தவர்களுக்கும் வீட்டில் சட்டி இருந்தது.

காசில்தா எழுந்தாள். தம்பி பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"கோழி இல்ல. தேன்பருந்து. நல்லா இருக்கும், கொழுப்பு நிறைய." ஆலைக் குரல் அது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "எங்கப்பா கோஸ்மே ரோந்தோன் சுட்டார். எதைச் சுடணும்னு நான் சொன்னேன். ஒரே நாள்ல நாப்பத்தொண்ணு. எங்க சுட்டார்னு கேளுங்க மேடம். சாலாதா மேட்டுல. என்னைக்குச் சுட்டார்னு கேளுங்க. கீழக்காத்து அடிக்கிற அன்னைக்கு. மேலக்காத்துல அவர் துப்பாக்கியத் தொட மாட்டார், தோட்டா வீண்."

"அக்கா!" என்றான் நிகாசியோ.

"இருடா. எங்கப்பா மட்டும் இல்ல. மேட்டு மேல பதினொரு குழி இருக்கு. பறவை வராத இடத்துல பதினொரு குடும்பம் எதுக்குக் குழி தோண்டும்? காத்து வாங்கவா? உங்களுக்கு வேற ஆள் கவனிச்ச ஆதாரம் வேணும்னீங்க. பதினொரு குடும்பம், ரெண்டு தலைமுறை, கண்ணு வெச்சுக் கவனிச்சிருக்கு. அதுல ஆறாவது குழி..." அவள் ஏவாரிஸ்தோவைப் பார்த்தாள். "காசாயா குழி. உங்கப்பன் எங்கப்பாவை விட நல்லாச் சுடுவார்டா, அதை நான் மறைக்கல."

ஏவாரிஸ்தோ கத்தினான், அது ஆடு மாடு அடைக்கும் பட்டி என்றான். பின்னால் யாரோ ஒழுக்கம் கெட்டவள் என்று ஏசினார்கள். கோயில் சபைக் கிழவர்கள் மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். நிகாசியோவும் போனான். ஊர்சுலா மட்டும் பேனாவை மூடிவிட்டு, "அடுத்த கீழக்காத்து எப்ப?" என்று கேட்டார்.

மன்றமே பழக்கத்தில் ஜன்னல் வழியாக எதிர்க்கரையில் மூசா மலைத் தலையில் கிடந்த மேகத்தைப் பார்த்தது. "வியாழக்கிழமை" என்று ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் யாருக்கு உதவுகிறோம் என்று உறைத்தது.

வியாழன் விடிந்ததும் காசில்தா ஒரு வாளிச் சுண்ணாம்பும் தூரிகையுமாக மேடு ஏறினாள். அந்த ஊரில் சுண்ணாம்பு வாளி இல்லாத வீடு கிடையாது, வருடா வருடம் சுவருக்கு அடித்தாக வேண்டும். ஒவ்வொரு குழியின் பெரிய கல்லிலும் குடும்பப் பெயரை எழுதினாள். முதலில் தன் பெயர். ரோந்தோன் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கல்லின் மேல் கை வைத்து நின்றாள். பிறகு மற்ற பத்து.

பத்து மணிக்கு ஊர்சுலா வந்தார். கொன்சாலோ வந்தான். நிலத்துக்காரன் என்ற முறையில் ஏவாரிஸ்தோவும் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்தது. காற்றா அது! ஊர்சுலாவின் கோப்பு கைநழுவி ஆப்பிரிக்காவைப் பார்த்துப் பறந்தது. யாராலும் நிற்க முடியவில்லை. உட்கார வேண்டுமென்றால் மேட்டில் ஒரே வழிதான். ஒவ்வொருவராகக் குனிந்து குழிக்குள் இறங்கினார்கள். குழியே தெரியாதவர்கள் போல மன்றத்தில் கத்தியவர்கள், கல்லில் எழுதியதைப் படிக்காமலேயே அவரவர் குழிக்குப் போனார்கள். ஏவாரிஸ்தோ நேராக ஆறாவதுக்கு. காசில்தா அதிகாரியைத் தன் குழிக்குள் இழுத்து, அப்பா கால் வைக்கும் இடத்தில் உட்கார வைத்தாள்.

"வலது எது, இடது எது?" என்று கேட்டார் ஊர்சுலா. காசில்தா இரண்டு கருவிகளையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். "நீங்களே எண்ணுங்க மேடம். நான் எண்ணினா என் கணக்கும்பாங்க."

அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. ஆறாவது குழியிலிருந்து ஏவாரிஸ்தோவின் இருமல் கேட்டது, அதில் கொஞ்சம் சந்தோஷமும் கேட்டது. பிறகு காசில்தா, "வருது" என்றாள்.

மேட்டுக்குக் கீழே ஓக் மரங்களுக்கு மேலிருந்து ஏறி வந்தன. முதலில் ஒன்பது, பிறகு முப்பது, பிறகு ஊர்சுலாவின் கட்டைவிரலுக்கு ஓய்வில்லை. தேன்பருந்துகள். காற்றில் பக்கவாட்டில் சறுக்கி, தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், இறகின் வரி தெரிய, மஞ்சள் கண் தெரிய. கொன்சாலோ வாயைப் பிளந்தான். தொலைநோக்கியை அவன் எடுக்கவே இல்லை.

பெரிய பெட்டை ஒன்று வரிசையிலிருந்து விலகி ஆறாவது குழிக்கு நேராக வந்தது. ஏவாரிஸ்தோ எழுந்தான். இடது கை முன்னால் நீண்டது. வலது கை கன்னத்தருகே மடங்கியது. ஒரு கண் மூடியது. பறவை போகிற திசைக்கு அவன் தோள் மெதுவாகத் திரும்பியது, அதற்கு ஒரு சாண் முன்னால், தோட்டா போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு. ஆட்காட்டி விரல் வெறும் காற்றை அமுக்கியது.

மற்ற பத்துக் குழிகளும் அதைப் பார்த்தன. ஏவாரிஸ்தோ கையைக் கீழே போட்டான். பட்டென்று உட்கார்ந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

"ஆட்டுப்பட்டிதான்" என்றாள் காசில்தா, அவனுக்குக் கேட்கும்படி.

மாலையில் ஊர்சுலா வலதிலிருந்து இடதைக் கழித்தார். மூவாயிரத்து இருநூற்று எட்டு. இறங்கும்போது ஏவாரிஸ்தோ அவளை மறித்தான். அவன் கண் சிவந்திருந்தது, காற்றினாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"செத்த மனுஷங்க பேரையெல்லாம் சந்தி சிரிக்க வெச்சிட்டியேடி. உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கம் இருந்துச்சு. நாப்பது வருஷம் வெச்சிருந்து பார்த்தேன், ஒண்ணுத்துக்கும் உதவல" என்றாள். "எங்கப்பா சுட்டதுக்கு நான் எண்ணிக் கழிக்கிறேன். உங்கப்பன் சுட்டதுக்கு எவன்டா கழிக்கிறது? நீயா, காத்தாடியா?"

அவன் மாட்டுப் பாதையில் இறங்கிப் போனான்.

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. சாலாதா மேட்டில் காற்றாலைக்கு அனுமதி இல்லை. கீழே சமவெளியில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் சமவெளியில் வேறு ஒருவன் நிலத்தில் நட்டது. ஏவாரிஸ்தோ எண்பது மாடுகளை விற்றான். காசில்தா தெருவில் போனால் சில வீடுகளின் கதவு சாத்தப்பட்டது. அப்பாவின் படத்தை மண்டபத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை. ஆனால் நிகாசியோ இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் சாப்பிடவில்லை. இரண்டு வருடமும் அவள் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள், அழுதாள், மறுநாள் மேட்டுக்குப் போனாள்.

கல்லில் எழுதிய பெயர்களை அந்த வாரமே யாரோ சுரண்டியிருந்தார்கள். பத்துப் பெயர்கள் போயிருந்தன, ரோந்தோன் மட்டும் இருந்தது. அவள் அடுத்த ஜூலையில் வாளியோடு ஏறிப் பத்தையும் திரும்ப எழுதினாள். திரும்பச் சுரண்டினார்கள். திரும்ப எழுதினாள். "எங்க வீட்டுச் சுண்ணாம்பு தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மதுக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அங்கே அவள் மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

ஐந்தாவது ஜூலையில் அவள் ஏறியபோது, ஆறாவது குழியின் கல்லில் ஏற்கெனவே ஈரம் இருந்தது. காசாயா என்று எழுதியிருந்தது. அவள் கை இல்லை. எழுத்தெல்லாம் காற்றுப் பக்கம் சாய்ந்து, சுண்ணாம்பு வழிந்து கிடந்தது. மாட்டுப் பாதையில் தூரத்தில் ஒரு வழுக்கைத் தலை இறங்கிப் போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கண்ணுக்குத் தெரியாதது எது?

"சுண்ணாம்பை எம்புட்டுத் தண்ணியாக் கரைச்சிருக்கான் பாரு, கிறுக்குப் பய" என்று திட்டியபடி, தூரிகையைத் தன் வாளியில் தோய்த்து, அந்தப் பெயரின் மேலேயே இன்னொரு பூச்சு அழுத்தி அடித்தாள்.